டி. கே. சிதம்பரநாத முதலியார்

டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882 - பெப்ரவரி 16, 1954) தமிழறிஞரும் இலக்கியத் திறனாய்வாளரும் ஆவார். டி. கே. சி. என்ற சுருக்கப் பெயராலும் ரசிகமணி என்ற சிறப்புப் பெயராலும் பரவலாக அறியப்படுகிறார். வழக்குரைஞருக்கான கல்வி பெற்றிருந்தும் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தமிழ்க் கவிதையைச் சுவைப்பதிலும் பிறரைச் சுவைக்கச் செய்வதிலும் செலவிட்டார். திருநெல்வேலியில் இவரது இல்லத்தில் கூடிய வட்டத்தொட்டி என்னும் இலக்கியக் குழுவும், பின்னர்க் குற்றாலத்தில் இவரைச் சுற்றி அமைந்த நண்பர் வட்டமும் தமிழ் இலக்கிய வரலாற்றில் இடம் பெற்றவை. கம்பராமாயணம், முத்தொள்ளாயிரம் ஆகியவற்றைப் பொது வாசகரிடம் கொண்டு சேர்த்தவர்களுள் இவர் முதன்மையானவர். தமிழிசை இயக்கத்திலும் தாய்மொழிவழிக் கல்விக்கான முயற்சிகளிலும் பங்கு கொண்டார்.

பிறப்பும் கல்வியும்

சிதம்பரநாதர் 1882 ஆம் ஆண்டு தென்காசியைச் சேர்ந்த குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் பெயர் தீத்தாரப்ப முதலியார். தென்காசி அக்காலத்தில் சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி மாவட்டத்தில் அமைந்த ஊராகும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திருவிதாங்கூர் சமத்தானத்தின் எல்லையை ஒட்டி இருந்ததால் இரு நாட்டுப் பண்பாடுகளும் கலக்கும் இடமாக அது விளங்கியது. பராக்கிரம பாண்டியன் 15 ஆம் நூற்றாண்டில் எழுப்பிய காசி விசுவநாதர் கோயில் இவ்வூரின் அடையாளமாகும். ஊரிலிருந்து சுமார் 5 கி.மீ. தொலைவில் குற்றாலம் அமைந்துள்ளது.

உயர்கல்விக்காகச் சென்னை சென்ற இவர் சென்னை கிறித்தவக் கல்லூரியில் பயின்று இளங்கலைப் பட்டம் பெற்றார். பின்னர்ச் சட்டம் பயின்று வழக்குரைஞரானார். அக்காலக் கல்லூரிகளில் பாடங்கள் யாவும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. ஆங்கிலக் கவிதைகளில் இவருக்கு நல்ல பயிற்சி இருந்தது. ஒரு கவிதையின் ஓசையும் உணர்ச்சியும் பிரிக்க முடியாதவை என்னும் எண்ணம், இரு மொழி இலக்கியங்களையும் அருகருகே வைத்துப் படித்ததால் இவரிடம் உறுதிப்பட்டது.

இவரது மனைவி பெயர் பிச்சம்மாள். ஒரே மகன் தீத்தாரப்பன் 'தீபன்' என்ற பெயரில் எழுதியவர்.

பொதுப்பணி

சட்டக் கல்வி பெற்றிருந்தபோதிலும் வழக்குரைஞர் தொழிலில் இவர் நாட்டம் காட்டவில்லை. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் வாழ்ந்த காலத்தில் பொதுப்பணிகளில் ஈடுபட்டார். 1920களின் பிற்பகுதியில் சென்னை மாகாணச் சட்டசபையின் உறுப்பினராக இருந்தார். இரட்டை ஆட்சி முறை நடைமுறையில் இருந்த அக்காலத்தில் மாகாணத்தில் ஒரே அவையே இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

1930களின் முற்பகுதியில் இந்து சமய அறநிலைய வாரியத்தின் ஆணையர்களுள் ஒருவராகப் பணியாற்றினார். கோயில் நிருவாகத்தை ஒழுங்குபடுத்துவதற்காக 1920களில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி உருவான அமைப்பு இதுவாகும். இப்பதவி இவரைத் தமிழ்நாட்டின் பல கோயில்களுக்கு இட்டுச் சென்றது. சிற்பம், கோயிற் கட்டடக் கலை, இசை, நாட்டியம் ஆகியவற்றைத் தனித்தனித் துறைகளாகக் கருதாமல் ஒரே பண்பாட்டின் வெளிப்பாடுகளாகக் கருதும் போக்கு இவரது எழுத்துகளில் காணப்படுகிறது.

வட்டத்தொட்டி

பெயரும் அமைப்பும்

நெல்லை வட்டாரத்துப் பழைய வீடுகளில் நடுவே வானம் பார்த்த முற்றம் அமைந்திருக்கும். சுற்றிலும் தாழ்வாரம் கொண்ட இவ்வமைப்பு தொட்டிக்கட்டு எனப்படும். டி. கே. சி.யின் வண்ணாரப்பேட்டை வீட்டில் இருந்த வட்டமான தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடியதால் அக்கூட்டத்திற்கு வட்டத்தொட்டி என்ற பெயர் அமைந்தது. 1920களில் தொடங்கிய இக்கூட்டங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நடைபெற்றன.

பதிவேடும் விதிமுறைகளும் கொண்ட சங்கமாக வட்டத்தொட்டி இயங்கவில்லை. மேடையும் இல்லை. வட்டமாக அமரும்போது முதல் வரிசை, கடைசி வரிசை என்ற வேறுபாடு எழுவதில்லை. வழக்குரைஞர்கள், அரசு அலுவலர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள் எனப் பலரும் ஒன்றாக அமர்ந்தனர். புலவர் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டுமே உரியது என்று அதுவரை கருதப்பட்டு வந்த பழந்தமிழ் இலக்கியத்தைப் பிற தொழில் புரிவோர் கூடிக் கற்கும் இடமாக இது அமைந்ததே இதன் தனிச்சிறப்பு ஆகும்.

கற்கும் முறை

வட்டத்தொட்டியில் பேசப்பட்டவற்றுள் கம்பராமாயணமே முதலிடம் பெற்றது. திருக்குறள், முத்தொள்ளாயிரம், நந்திக் கலம்பகம், தனிப்பாடல்கள், குற்றாலக் குறவஞ்சி, அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து போன்றவையும் எடுத்துக் கொள்ளப்பட்டன. ஆங்கிலக் கவிதைகள் ஒப்பீட்டிற்காகப் பேசப்பட்டன.

அக்காலத் தமிழ் வகுப்புகளில் ஒரு செய்யுளைக் கற்பிக்கும் முறை ஏறத்தாழ ஒரே வகையாக இருந்தது. செய்யுளைப் படித்தல், பதவுரை கூறல், பொழிப்புரை கூறல், இலக்கணக் குறிப்புத் தருதல் என்ற வரிசையில் பாடம் நடைபெறும். மாணவர் உரையை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுவர். டி. கே. சி. இவ்வரிசையைத் தலைகீழாக மாற்றினார். அவரது முறையின் படிகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

* பாடலைக் கூறுவதற்கு முன் அது பிறந்த சூழலை விரித்துரைத்தல். யார், யாரிடம், எந்த மனநிலையில் பேசுகிறார் என்பது கேட்போருக்குத் தெளிவாகும் வரை பாடலைத் தொடுவதில்லை.
* சந்தியால் இணைந்து கிடக்கும் சொற்களைப் பிரித்து, பேச்சின் இயல்பான நிறுத்தங்களோடு பாடலை வாய்விட்டுப் படித்தல். தேவையான இடங்களில் இசையோடு பாடுதல்.
* அதே பாடலை மீண்டும் மீண்டும் படித்தல். ஒவ்வொரு முறையும் வேறொரு சொல்லின் மீது அழுத்தம் விழும்போது பொருள் எவ்வாறு மாறுகிறது என்பதைக் கவனித்தல்.
* கேட்டவர்கள் தமக்கு ஏற்பட்ட அனுபவத்தைக் கூறுதல். எச்சொல் மனத்தைத் தொட்டது, எது தொடவில்லை என்பதை ஆராய்தல்.
* பாடலைத் தமது வாழ்வில் கண்ட நிகழ்ச்சிகளோடும் பேச்சு வழக்கோடும் ஒப்பிடுதல்.

சொற்பொருள் விளக்கம் இம்முறையில் கடைசியிலேயே வரும், சில வேளைகளில் அதற்குத் தேவையே ஏற்படாது. அவருடைய நூல்களிலும் இதே வரிசையைக் காணலாம். உரைநடையில் ஒரு காட்சியைப் படிப்படியாக அமைத்து, வாசகரைப் பாடலின் வாயிலுக்கு அழைத்துச் சென்று நிறுத்திய பின்னரே பாடலைத் தருவார். பாடலுக்குப் பின் நீண்ட விளக்கம் இராது. வாசகர் தாமே மீண்டும் ஒருமுறை படித்துக் கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்.

ஒருவர் தனியே படித்தால் தவறவிடும் நயத்தை மற்றொருவர் எடுத்துக் காட்ட முடியும் என்பது இக்கூட்டங்களின் அடிப்படையாக இருந்தது. நீதிமன்றத்தில் சாட்சிகளின் பேச்சைக் கேட்டுப் பழகிய வழக்குரைஞரும், வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியரும், வயலில் பணிபுரியும் உழவரும் ஒரே பாடலை வெவ்வேறு விதமாகக் கேட்கின்றனர். இவ்வேறுபாட்டையே டி. கே. சி. கற்றலுக்குரிய கருவியாகப் பயன்படுத்தினார்.

பங்கு கொண்டோர்

தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான், எஸ். மகராஜன், அ. சீனிவாசராகவன், மீ. ப. சோமு, ல. சண்முகசுந்தரம் முதலியோர் டி. கே. சி.யின் வட்டத்தைச் சேர்ந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். இராசாசி, கல்கி ஆகியோர் இவருடைய நெருங்கிய நண்பர்களாக இருந்தனர். நாஞ்சில் நாட்டுக் கவிஞரான கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் பாடல்களில் டி. கே. சி. பெரிதும் ஈடுபாடு கொண்டு அவற்றைப் பலருக்கும் அறிமுகப்படுத்தினார்.

கோவில்பட்டி அருகே இடைசெவல் என்னும் ஒரே ஊரில் பிறந்த கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் ஆகிய இளைஞர்களும் பிற்காலத்தில் இவ்வட்டத்தில் இணைந்தனர்.

குற்றால வாழ்வு

வாழ்வின் பிற்பகுதியில் டி. கே. சி. குற்றாலத்தில் குடியேறினார். அதன் பின் வட்டத்தொட்டியின் மரபு குற்றாலத்தில் தொடர்ந்தது. எனினும் இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. திருநெல்வேலியில் வாரத்திற்கு ஒருமுறை சில மணி நேரம் கூடினர். குற்றாலத்திற்கு வந்தவர்களோ பல நாட்கள் தங்கினர்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் சூன் முதல் ஆகத்து வரையான மாதங்களில் குற்றாலத்தில் சாரல் பொழியும். சிற்றாறு அருவிகளாக விழும் இப்பருவத்தில் வெளியூர்களிலிருந்து மக்கள் நீராட வருவர். டி. கே. சி.யின் இல்லத்திற்கும் அப்போது விருந்தினர் வருகை மிகும். இராசாசியும் கல்கியும் இங்கு வந்து தங்கியவர்களுள் அடங்குவர். காலையில் அருவி நீராடல், பின்னர் உணவு, அதன் பின் கம்பர் என்று பொழுது கழியும். டி. கே. சி.யின் விருந்தோம்பல் அவரைப் பற்றி எழுதிய அனைவராலும் குறிப்பிடப்படுகிறது. உணவின் சுவையைப் பற்றிப் பேசுவதும் கவிதையின் சுவையைப் பற்றிப் பேசுவதும் அவரிடம் வேறுவேறாக இருந்ததில்லை.

குற்றாலம் அவருக்கு ஓய்விடம் மட்டுமன்று. திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சி இம்மலையையும் அருவியையும் பாடுவது. நடராசரின் ஐந்து சபைகளுள் ஒன்றாகிய சித்திரசபை இங்கு உள்ளது. பாடலில் வரும் மலையையும் சாரலையும் நேரில் கண்டுகொண்டே அப்பாடலைக் கேட்கும் வாய்ப்பு விருந்தினர்களுக்குக் கிடைத்தது.

கடிதங்கள்

டி. கே. சி. எழுதிய கடிதங்கள் தமிழில் கடித இலக்கியத்திற்குச் சிறந்த எடுத்துக்காட்டுகளாகக் கருதப்படுகின்றன. இராசாசி, மகராஜன், பாஸ்கரத் தொண்டைமான் முதலிய பலருக்கும் அவர் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் தொகுக்கப்பட்டு நூல்களாக வெளிவந்தன.

கூட்டத்தில் பேசியவற்றின் தொடர்ச்சியாகவே பல கடிதங்கள் அமைந்துள்ளன. ஒரு பாடலைப் பற்றிப் பேசி முடித்த பின்னரும் அதனை மனத்தில் அசைபோட்டுக் கொண்டிருந்து, புதிதாக ஒன்று தோன்றும்போது அதனை எழுதி அனுப்புவது அவர் வழக்கம். நண்பர்களும் தமக்குத் தோன்றியதை எழுதினர். பணி மாறுதல் காரணமாக வெவ்வேறு ஊர்களில் வாழ்ந்த நண்பர்களை ஒரே குழுவாக இணைத்து வைத்திருந்தவை இக்கடிதங்களே. பேச்சு வழக்கை ஒட்டிய எளிய நடை, நகைச்சுவை, அன்பு ஆகியன இவற்றின் இயல்புகள்.

கம்பராமாயணப் பணி

கம்பராமாயணம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. இவற்றுள் பல பாடல்கள் பிற்காலத்தவரால் இடையில் சேர்க்கப்பட்டவை என்னும் கருத்து அறிஞரிடையே நெடுங்காலமாக உண்டு. டி. கே. சி. இக்கருத்தை மிக விரிந்த அளவில் எடுத்துச் சென்றார். கம்பரின் கவித்துவம் இல்லை என்று தமக்குத் தோன்றிய பாடல்களை விலக்கினார். உண்மையான கம்பர் பாடல்கள் எனத் தாம் கருதியவற்றை மட்டும் தேர்ந்து கதைத் தொடர்ச்சியுடன் 'கம்பர் தரும் ராமாயணம்' என்ற பெயரில் வெளியிட்டார். கல்கி இதழில் இவர் எழுதி வந்த கம்பர் பற்றிய தொடர் கட்டுரைகள் பல்லாயிரம் வாசகரைச் சென்றடைந்தன.

1939 ஆம் ஆண்டு சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். அங்கு நடைபெற்ற முதல் கம்பன் விழாவிற்கு டி. கே. சி. தலைமை தாங்கினார். பின்னர்த் தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் இலங்கையிலும் தோன்றிய கம்பன் கழகங்களுக்கு இது முன்னோடியாகும்.

பாடத் திருத்தங்களும் எதிர்ப்பும்

டி. கே. சி. பாடல்களைத் தேர்ந்ததோடு நிற்கவில்லை. தேர்ந்த பாடல்களிலும் சில சொற்கள் ஏடு எழுதியோரால் சிதைந்தவை எனக் கருதி அவற்றை மாற்றினார். ஓசையும் பொருளும் உணர்ச்சியும் ஒன்றாக இயையும் சொல்லே கம்பர் எழுதிய சொல்லாக இருக்க முடியும் என்பது அவருடைய அளவுகோலாகும்.

இது கடும் எதிர்ப்பைத் தோற்றுவித்தது. பழைய நூலொன்றின் பாடத்தை முடிவு செய்வதற்கு ஏட்டுச் சுவடிகளை ஒப்பிடுவதே சான்றுடைய வழி என்றும், சுவடியில் இல்லாத சொல்லைச் சுவையின் அடிப்படையில் புகுத்துவது பதிப்பாகாது என்றும் புலவர்கள் வாதிட்டனர். இவ்வகையில் டி. கே. சி.க்கு நேர் எதிரான முறையைப் பின்பற்றியவர் அதே நெல்லைச் சீமையைச் சேர்ந்த எஸ். வையாபுரிப்பிள்ளை ஆவார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியரான அவர் சுவடி ஒப்பீட்டையும் காலவாராய்ச்சியையும் அடிப்படையாகக் கொண்டவர்.

பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சுவடிகளை ஒப்பிட்டுக் கம்பராமாயணத்தைப் பல தொகுதிகளாகப் பதிப்பித்தது. ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுவதற்கு இத்தகைய பதிப்புகளே பயன்படுகின்றன. டி. கே. சி.யின் தொகுப்பு மூலபாடப் பதிப்பாக ஏற்கப்படவில்லை. எனினும் கம்பரைப் புதிதாகப் படிக்கத் தொடங்குவோருக்கு வழிகாட்டும் நூலாக அது மதிக்கப்படுகிறது.

முத்தொள்ளாயிரம்

சேர, சோழ, பாண்டியர் மூவரையும் பாடும் முத்தொள்ளாயிரம் முழுமையாகக் கிடைக்காத நூலாகும். புறத்திரட்டு என்னும் தொகை நூலின் வாயிலாக நூற்றுக்குச் சற்று மிகுதியான வெண்பாக்களே எஞ்சின. டி. கே. சி. இவ்வெண்பாக்களுக்கு விளக்கம் எழுதி வெளியிட்டார். புலவர் வட்டத்திற்கு வெளியே முத்தொள்ளாயிரம் என்ற பெயரைப் பலரும் அறிந்தது இந்நூலால் ஆகும். நான்கு அடிகளுக்குள் ஒரு நாடகக் காட்சி முழுமையாக அமையும் வெண்பா வடிவம் அவருடைய விளக்க முறைக்குப் பெரிதும் பொருந்தியது.

தமிழிசையும் தாய்மொழிக் கல்வியும்

1940களின் தொடக்கத்தில் கருநாடக இசை மேடைகளில் தெலுங்கு, வடமொழிப் பாடல்களே பெரும்பான்மையாகப் பாடப்பட்டன. தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்று கோரித் தமிழிசை இயக்கம் எழுந்தது. அண்ணாமலை அரசர் 1941 ஆம் ஆண்டு அண்ணாமலைநகரில் கூட்டிய தமிழிசை மாநாடு இவ்வியக்கத்தின் முக்கிய நிகழ்வாகும். 1943 ஆம் ஆண்டு சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது. இராசாசி, கல்கி ஆகியோருடன் டி. கே. சி.யும் இவ்வியக்கத்திற்காகப் பேசியும் எழுதியும் வந்தார். பாடலின் சொல் கேட்பவருக்கு விளங்காதபோது இசையின் பயன் பாதியாகக் குறைகிறது என்பது அவர் கருத்து.

கல்வி பற்றியும் இதே நோக்கிலேயே அவர் சிந்தித்தார். அறிவியல் உட்பட எல்லாப் பாடங்களும் தாய்மொழியில் கற்பிக்கப்பட வேண்டும் என்று வலியுறுத்தினார். பிறமொழியில் கற்பவர் சொற்களைத் திரும்பச் சொல்லப் பழகுகிறாரே தவிரப் பொருளைத் தமதாக்கிக் கொள்வதில்லை என்பது அவரது வாதத்தின் சாரம். அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின், 2010 ஆம் ஆண்டில், அண்ணா பல்கலைக்கழகம் குடிசார் பொறியியல், இயந்திரப் பொறியியல் ஆகிய பாடப்பிரிவுகளைத் தமிழ்வழியில் தொடங்கியது.

மகனின் மறைவு

டி. கே. சி.யின் மகன் தீபன் தந்தையின் இலக்கிய நாட்டத்தைப் பெற்றிருந்தார். கட்டுரைகள் எழுதினார். 'அரும்பிய முல்லை' அவருடைய நூலாகும். தந்தை உயிருடன் இருக்கும்போதே இளம் வயதில் தீபன் காலமானார். ஒரே மகனை இழந்த பின்னரும் டி. கே. சி. தம் இல்லத்தின் கதவை நண்பர்களுக்கு மூடவில்லை. குற்றாலக் கூட்டங்களும் கடிதங்களும் தொடர்ந்தன. அவர் வாழ்வின் மிகுந்த பயன்தரு காலமாக எண்ணப்படும் ஆண்டுகளுள் பல இவ்விழப்பிற்குப் பிற்பட்டவை.

திறனாய்வு நோக்கு

டி. கே. சி.யின் திறனாய்வு இரசனை முறைத் திறனாய்வு என வகைப்படுத்தப்படுகிறது. அதன் முக்கிய கூறுகள் வருமாறு.

* செய்யுள் வேறு, கவி வேறு. யாப்பு இலக்கணம் பிழையின்றி அமைந்தால் செய்யுளாகும். உணர்ச்சி தனக்குரிய உருவத்தைப் பெறும்போதே அது கவியாகும்.
* கவியின் பொருளை அதன் உருவத்திலிருந்து பிரிக்க முடியாது. ஆகவே கவியை வேறொரு மொழியில் முழுமையாகப் பெயர்க்கவும் இயலாது.
* மக்கள் பேசும் மொழியின் ஓசையும் மரபும் உயர்ந்த கவிதைக்கு அடிப்படை. கடினமான சொற்கள் புலமைக்கு அடையாளமாகலாம், கவித்துவத்திற்கு அடையாளமாகா.

இந்நோக்கின் மீது பல விமரிசனங்கள் எழுந்துள்ளன. ஒரு படைப்பு தோன்றிய சமூகச் சூழலையும் வரலாற்றையும் இது கருத்தில் கொள்வதில்லை என்பது மார்க்சியத் திறனாய்வாளர்களின் குறைபாடு. நயம் பாராட்டுவதோடு நின்றுவிடுவதால் ஒரு நூலின் குறைகளை ஆராயும் வழி இதில் இல்லை என்று வேறு சிலர் கருதினர். தனியொருவரின் சுவையை அளவுகோலாகக் கொள்ளும்போது அதனைச் சரிபார்ப்பது எப்படி என்ற வினா இவ்விமரிசனங்கள் எல்லாவற்றிற்கும் அடியில் உள்ளது.

கற்றல் முறை என்ற நிலையில் வட்டத்தொட்டி

கல்வியியலில் குழுவாகக் கற்றல், மீள்நோக்கிக் கற்றல் ஆகியன 20 ஆம் நூற்றாண்டில் விரிவாக ஆராயப்பட்டன. அனுபவத்தை எண்ணிப் பார்க்கும்போதே அது அறிவாகிறது என்ற கருத்தை அமெரிக்க மெய்யியலாளர் சான் டூயி 1910 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் டொனால்டு சோன் 1983 இல் வெளியிட்ட நூலில், தொழில் வல்லுநர்கள் செயலாற்றும்போதே தம் செயலை எவ்வாறு எண்ணிப் பார்த்துத் திருத்திக் கொள்கின்றனர் என்பதை ஆராய்ந்தார். இவற்றின் தாக்கம் பொறியியற் கல்வியிலும் உண்டு. பொறியியல் பட்டங்களைப் பன்னாட்டளவில் ஏற்பதற்கான வாசிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014 இல் நிரந்தர உறுப்பினரானது. இதன்படி பட்டதாரியிடம் எதிர்பார்க்கப்படும் பண்புகளுள் தனியாகவும் குழுவிலும் பணியாற்றும் திறன், வாழ்நாள் முழுதும் கற்கும் திறன் ஆகியன இடம் பெறுகின்றன.

டி. கே. சி. இக்கலைச்சொற்களைக் கையாண்டவர் அல்லர். இவ்வாய்வுகளுக்கும் வட்டத்தொட்டிக்கும் வரலாற்றுத் தொடர்பும் இல்லை. எனினும் வெவ்வேறு பின்புலம் உடையவர்கள் ஒரே பொருளைக் கூடி ஆராய்தல், ஒருவர் அனுபவத்தை மற்றவர் முன் சொல்லிச் சரிபார்த்தல், பின்னர்த் தனித்திருந்து சிந்தித்து எழுதுதல், எழுதியதை மீண்டும் குழுவிற்கு அனுப்புதல் என்ற சுழற்சி வட்டத்தொட்டியிலும் அதன் கடிதங்களிலும் இருந்தது. தேர்வு, மதிப்பெண், சான்றிதழ் எதுவுமின்றிப் பணிபுரியும் மனிதர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கற்றனர் என்பது இதன் பயனைக் காட்டுகிறது.

இம்முறையின் குறையும் இங்கேயே வெளிப்படுகிறது. வட்டத்தில் இருக்கைகள் சமமாக இருந்தபோதிலும் செவிகள் சமமாக இருக்கவில்லை. எப்பாடல் கம்பருடையது, எச்சொல் பிழையானது என்ற முடிவுகளில் டி. கே. சி.யின் தீர்ப்பே நிலைபெற்றது. அன்பினால் இணைந்த குழுவில் மாற்றுக் கருத்துக் கூறுவது எளிதன்று. சுவடிகளைச் சான்றாகக் காட்டி மறுத்தவர்கள் பெரும்பாலும் வட்டத்திற்கு வெளியே இருந்தனர். குழுவின் ஒருமித்த உணர்வு உண்மைக்குச் சான்றாகாது என்பதையும், வெளியிலிருந்து வரும் சான்றுகளுக்கு இடம் தரும்போதே குழுக்கற்றல் முழுமை பெறும் என்பதையும் பாடத் திருத்தச் சர்ச்சை உணர்த்துகிறது.

தாக்கம்

வட்டத்தைச் சேர்ந்தவர்கள் டி. கே. சி. சென்ற பாதையிலேயே நின்றுவிடவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் துறையில் தனித்து இயங்கினர்.

* பாஸ்கரத் தொண்டைமான் அரசுப் பணியில் மாவட்ட ஆட்சியராக உயர்ந்தார். தஞ்சாவூரில் 1951 இல் கலைக்கூடம் அமைவதற்குக் காரணமாக இருந்தார். கோயில்கள் பற்றி 'வேங்கடம் முதல் குமரி வரை' என்ற நூல் வரிசையை எழுதினார்.
* எஸ். மகராஜன் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார். சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழில் பெயர்த்தார். கம்பரைப் பற்றி ஆங்கிலத்தில் இவர் எழுதிய நூலைச் சாகித்திய அகாதமி வெளியிட்டது.
* அ. சீனிவாசராகவன் ஆங்கிலப் பேராசிரியராகவும் கல்லூரி முதல்வராகவும் பணியாற்றினார். 'வெள்ளைப் பறவை' என்ற கவிதை நூலுக்காக 1968 இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார்.
* மீ. ப. சோமு வானொலியில் பணியாற்றினார். 'அக்கரைச் சீமையிலே' என்ற பயண நூலுக்காக 1962 இல் அதே விருதைப் பெற்றார்.
* கு. அழகிரிசாமி சிறுகதை ஆசிரியராகப் புகழ் பெற்றார். கம்பராமாயணம், காவடிச்சிந்து ஆகியவற்றைப் பதிப்பிக்கும் பணியிலும் ஈடுபட்டார்.
* கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவர். கரிசல் வட்டாரப் பேச்சு மொழியை இலக்கிய மொழியாக்கினார். பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராகப் பணியாற்றினார்.

இவர்களுள் சிலர் கவிஞர்கள், சிலர் கதாசிரியர்கள், சிலர் அலுவலர்கள். டி. கே. சி.யோ கதை எழுதியவர் அல்லர், பேராசிரியர் பதவி வகித்தவரும் அல்லர். மொழியைச் செவியால் கவனிக்கும் பழக்கமே இவர்கள் அவரிடமிருந்து பெற்ற பொதுச் சொத்து எனலாம்.

மறைவு

டி. கே. சி. 1954 ஆம் ஆண்டு பெப்ரவரி 16 ஆம் நாள் குற்றாலத்தில் காலமானார். அப்போது இராசாசி சென்னை மாநில முதலமைச்சராக இருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் கவிமணியும் திசம்பரில் கல்கியும் மறைந்தனர். ஒரே ஆண்டிற்குள் இம்மூவரும் மறைந்தது தமிழ் இலக்கிய உலகிற்குப் பேரிழப்பாகக் கருதப்பட்டது. டி. கே. சி.யின் வாழ்வையும் வட்டத்தொட்டியையும் பற்றிப் பாஸ்கரத் தொண்டைமான், ல. சண்முகசுந்தரம் முதலிய நண்பர்கள் நூல்கள் எழுதியுள்ளனர்.

எழுதிய நூல்கள்

* இதய ஒலி
* கம்பர் யார்?
* கம்பர் தரும் ராமாயணம்
* முத்தொள்ளாயிரம் (விளக்கவுரை)
* அற்புத ரஸம்
* ரசிகமணி டி. கே. சி. கடிதங்கள் (மறைவிற்குப் பின் தொகுக்கப்பட்டது)